ஓடைக்கு எதிர்ச்சரிவில் நின்ற தைல மரம்

கோடைக்கானலில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் முதல் காரியமாக மூச்சை இழுத்து, "ஆகா, என்ன வாசம்!" என்பார்கள். எனக்குச் சுள்ளென்று வரும். அந்தத் தைல மர வாசத்திலேயே பதினான்கு வருஷம் சோறு பொங்கித் தின்றவள் நான். சேலையில், தலைமுடியில், குடிக்கிற தண்ணீரில், மோரில்கூட அந்த வாசம்தான். எப்போதாவது கீழே ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊருக்குப் போனால், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற அம்மாள், "சளியா ஒங்களுக்கு?" என்று கேட்பாள். "ஆமா, நாலஞ்சு வருசமா இருக்கு" என்பேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வாள். எனக்கும் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

அந்த மரம் தண்ணீரைக் குடிக்கும், புல்லைக் கெடுக்கும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் எழுத வந்தது ஒரே ஒரு மரத்தைப் பற்றி. அது எங்கள் கொட்டகைக்கு எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவில் பத்து வருஷம் நின்றது.

கல்யாணமான மறுவருஷமே நாங்கள் மலையேறிவிட்டோம். அதாவது ஐம்பதுகளின் தொடக்கம். ஊரில் மழை இல்லை, இருந்த நிலத்தில் என் வீட்டுக்காரரின் அண்ணன் தம்பிகள் நாலு பேருக்கும் வேலை இல்லை. கோடைக்கானல் பஜாரில் தைலக்கடை வைத்திருந்த ஒரு பாய், ஒட்டன்சத்திரம் சந்தையில் இவரைப் பார்த்துப் பேசி அழைத்துக்கொண்டு வந்தார். போளூருக்குப் போகிற வழியில், ஓடைக்கரையில் பாய்க்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கேதான் தைலம் காய்ச்சுவது. கொட்டகையின் ஒரு பாதியில் அடுப்பும் செம்பு அண்டாவும். மறு பாதியில் நாங்கள்.

வேலை ஒன்றும் மந்திரம் இல்லை. இவர் வெள்ளனே போய்த் தழை ஒடித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார். நான் தழையை அண்டாவில் திணித்து, அடியில் தண்ணீர் விட்டு, மூடியைச் சுற்றிக் களிமண் அப்பி, தீ மூட்டுவேன். மூடியிலிருந்து புறப்படுகிற குழாய் ஓடைத் தண்ணீருக்குள் வளைந்து போய் மறுபக்கம் வெளியே வரும். அதன் வாயில் ஒரு தகர டப்பா. ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக விழும். தண்ணீர் அடியில் நிற்கும், தைலம் மேலே மிதக்கும். மேலே மிதப்பதை அகப்பையால் வழித்தெடுக்க வேண்டும். தீ அதிகமானால் தழை கருகித் தைலம் நாறும், குறைந்தால் நாள் பூராவும் காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்று என் பிறந்த வீட்டில் சொல்வார்கள். இந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அதையும் கற்றுக்கொண்டேன்.

தைல மரத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. சின்ன வயதில் அதன் இலை வட்டமாக, நீலம் பூத்து, மாவு தடவினாற்போல இருக்கும். இலைகள் காம்பு இல்லாமல் எதிரும் புதிருமாக ஒட்டிக்கொண்டிருக்கும். தண்டு உருண்டையாக இல்லாமல் நாலு பட்டையாக இருக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் அத்தனையும் மாறிவிடும். அரிவாள்போல நீண்ட இலை, பச்சை நிறம், கீழே தொங்கும். முதல் வருஷத்துக் கன்றையும் பெரிய மரத்தையும் பக்கத்தில் வைத்துத் தாயும் பிள்ளையும் என்று சொன்னால் புதிதாகப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். இன்னொன்று, அதை வெட்டினால் சாகாது. அடிமரத்தைச் சுற்றி மறுபடியும் அந்த நீல வட்ட இலையோடு பத்துப் பதினைந்து துளிர் கிளம்பும். எங்கள் பிழைப்பே அதில்தான் இருந்தது. வெட்டினால் துளிர்க்கும் என்பது எங்களுக்குக் காலையில் சூரியன் வரும் என்பதைப்போல.

மலைக்கு வந்த மூன்றாம் வருஷம் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். பெயர் வைத்திருந்தோம். அதை இங்கே எழுத மாட்டேன்.

பதினோரு மாதம் இருந்தாள். தழைக்கட்டின் மேல் படுக்க வைத்தால் சமர்த்தாகத் தூங்குவாள். வட்ட இலையைக் கையில் கொடுத்தால் வாயில் வைத்து, முகத்தைக் கோணி, துப்பிவிட்டு மறுபடியும் வாயில் வைப்பாள். "ஒங்கள மாதிரியே. ஒரு தரம் சொன்னா வெளங்காது" என்று இவரைச் சீண்டுவேன். இவர் சிரிப்பார். அப்போதெல்லாம் இவர் நிறையச் சிரிப்பார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. பிள்ளைக்கு இருமல் வந்தது. தைலத்தை எடுத்து நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்தேன். ஊர் ஊராகச் சளிக்கு வாங்கிப் போகிறார்களே, அதே தைலம். என் கையால் காய்ச்சியது. ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் நாள் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், இவர் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். பாதையில் மண் சரிந்து வண்டி எதுவும் வரவில்லை. நடந்தே போனார். நானும் பின்னால் ஓடினேன். இரண்டு மைல்கூடப் போகவில்லை. இவர் நின்று கம்பளியை விலக்கிப் பார்த்தார். அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார். பகல் பதினொரு மணி இருக்கும்.

கொட்டகைக்குத் திரும்பி வந்தோம். எங்களுக்கு அங்கே சுடுகாடு ஏது? போளூர்க்காரர்களுக்கு அவரவர் இடம் இருந்தது. வந்தேறிகளான நாங்கள் மழையில் யார் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது? பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோகவும் வழி இல்லை. நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, தைலம் எடுத்துப் போக முந்தின நாள் வந்த பாய் மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். அவரும் இவருமாகத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் எழுந்தேன்.

"நீ வராத புள்ள. பொம்பளைங்க வரக்கூடாது" என்றார் இவர்.

"நான் பெத்தவ."

"பெத்தவதான். குழியப் பாத்தா அடுத்தது தங்காதுன்னு சொல்லுவாங்க. சொன்னாக் கேளு, ஒக்காரு."

எதற்கும் எதிர்த்துப் பேசுகிற நான் அன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். அடுத்தது என்ற வார்த்தை என் வாயை அடைத்துவிட்டது.

முழங்கால் வரைக்கும் சேற்றோடு திரும்பி வந்தார்கள். "எங்க?" என்று கேட்டேன். இவர் ஓடைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அது அப்போது வெறும் புல் சரிவு. அந்த மழைக்குத் தைல மரம் வைப்பதற்காக பாரஸ்ட்காரர்கள் வரிசை வரிசையாகக் குழி எடுத்துப் போட்டிருந்தார்கள். மேலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு குழியை இவர்கள் இன்னும் ஆழமாக்கிக்கொண்டார்கள். பாய் தன் குடையைக் குழிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாராம். மூடுகிறபோது தங்கள் வழக்கப்படி மூன்று கைப்பிடி மண் போட்டாராம். அதைச் சொல்லும்போது இவர் அழுதார். எனக்கு அப்போது அழுகை வரவில்லை. மரம் வைக்க வெட்டின குழியில் என் பிள்ளையை வைத்துவிட்டு வந்திருக்கிறாரே என்று கோபம்தான் வந்தது. "ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்று கத்தினேன். இப்போது நினைத்தால் என்மேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரு வாரம் கழித்துக் கன்று நட ஆள் வந்தது. குழி எடுத்த இடத்தில் கன்று இல்லாவிட்டால் பாரஸ்ட் வாட்சர் கேட்பார். இவர் நேராக வாட்சரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்த மனுஷனும் பிள்ளைக்குட்டிக்காரர். நாற்றங்காலை அவர்தான் பார்த்துக்கொண்டார். "அந்தக் குழிக்கு நானே கன்னு வச்சுக்கிறேங்க. ஆனா அது மத்ததவிட ஒசரமாப் போகணும். கொட்டாயில நின்னு பாத்தா அவளுக்குத் தெரியணும்" என்று இவர் கேட்டாராம்.

வாட்சர் நாற்றங்காலின் ஓரத்திலிருந்து ஒரு கன்றை எடுத்துக் கொடுத்தார். அவருக்கு மேலதிகாரியான ரேஞ்சர் எங்கிருந்தோ விதை வரவழைத்து முளைக்கப் போட்டது. "இதுவும் தைல மரந்தான். ஆனா இது மலைச்சாதி. சீமையில மரத்துலயே ஒசரமான மரம் இதுதான்னு ரேஞ்சர் சொன்னாரு. கொண்டுபோய் வை" என்றார். அந்தக் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு இவர் முதலில் என்னிடம்தான் வந்து காட்டினார். மற்றக் கன்றுகளைப்போல நீலம் பூசிய இலை இல்லை. சாதாரணப் பச்சை. முழம்கூட இல்லாத அந்தக் கன்றைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வெடித்தது. அன்றைக்கு அண்டாவை மூட்டவே இல்லை.

முதல் வருஷம் அது என் இடுப்பளவு வந்திருக்கும் என்று இவர் சொன்னார். இரண்டாம் வருஷம் ஆள் உயரத்தைத் தாண்டியது. அப்போதே என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. நாலைந்து வருஷத்தில் அந்தச் சரிவு முழுக்கத் தைல மரக் காடு ஆனது. கீழே புல் போச்சு. ஆடுகூட எட்டிப் பார்க்காது. அத்தனை மரத்துக்கும் மேலே, மூன்றாவது வரிசை இருக்கிற இடத்தில், ஒன்று மட்டும் தலை நீட்டிக்கொண்டு நின்றது. வெள்ளை வெளேரென்று நேரான மரம். அடியில் மட்டும் சொரசொரப்பான பட்டை. அதற்கு மேலே பட்டை நீள நீளமாக உரிந்து, பாவாடை நாடாபோலக் காற்றில் ஆடும்.

காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் வெளியே வந்து அதைப் பார்ப்பேன். மூடுபனியாக இருந்தால் எரிச்சலாக இருக்கும். வெயில் வந்து பனி விலகி அது தெரிந்த பிறகுதான் மற்ற சோலி. "இந்நேரம் பள்ளிக்கூடத்துல சேத்திருப்போம்" என்று ஒரு வருஷம் சொன்னேன். "இந்நேரம் என்னைய எதுத்துப் பேசிக்கிட்டு நிப்பா" என்று இன்னொரு வருஷம். இவர் கேட்டுக்கொண்டே தழைக்கட்டை அவிழ்ப்பார். ஒருமுறை பாய், "அந்த ஒசர மரத்து எலையையும் ஒடிச்சுப் போட்டா என்னப்பா?" என்று தெரியாமல் கேட்டுவிட்டார். பிறகு நினைவு வந்து, தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். "அதுல தைலமே வராது பாய்" என்று இவர் சமாளித்தார். அது உண்மையும்கூட. அந்தச் சாதி இலையில் தைலம் பேருக்குத்தான்.

அடுத்தது என்று இவர் சொன்னாரே, அது தங்கவில்லை. இரண்டு முறை வயிற்றிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு உண்டாகவும் இல்லை. குழியைப் பார்க்காமல் இருந்து என்ன கண்டேன்? அப்போதே எழுந்து அந்தச் சரிவுக்குப் போயிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் போகவில்லை. இங்கிருந்தே தெரிகிறதே, அது போதும் என்று இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். தூரத்தில் இருக்கிறவரைக்கும் அது மரம். பக்கத்தில் போனால் அது குழி ஆகிவிடும் என்று பயம்.

அறுபதுகளின் நடுவில் அந்தச் சரிவை வெட்ட உத்தரவு வந்தது. கீழே ஏதோ ஆலைக்கு மரம் வேண்டுமாம். ஒரு மரம் விடாமல் வெட்டி எடுத்துவிட்டு, அடிமரத்தில் துளிர் விட்டு மறுபடியும் காடாக வளர விடுவார்கள். அதுதான் முறை. வெட்டுகிற ஆட்களில் இவரும் ஒருவர். மரம் நன்றாக வெட்டுவார் என்று இவரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். செய்தியோடு வந்தவர் வாசலில் உட்கார்ந்து கோடரிப் பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வாட்சர்கிட்டக் கேட்டேன்" என்றார் கடைசியில். "ஒரு மரத்த வெதைக்குன்னு சொல்லி விட்டுறலாமாம். ரேஞ்சர்ட்ட சொல்லிக்கிறேங்கிறாரு. விட்டுறச் சொல்லவா?"

நான் உடனே சரி என்று சொல்லியிருப்பேன். ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் சந்தைக்குப் போகிற வழியில் ஒன்றைப் பார்த்திருந்தேன். பாதையோரத்தில் ஒரு பங்களாக்காரர் சுற்றி இருந்த தைல மரங்களை வெட்டிவிட்டு, அழகுக்காக ஒன்றை மட்டும் விட்டிருந்தார். கூட்டமாக நின்று பழகிய மரம் தனியாக நின்றதும் காற்று அதை அடியோடு சாய்த்துவிட்டது. வேர் ஆழமாகப் போகவில்லை. விழுந்தபோது வேரோடு மண்ணும் கல்லும் பெயர்ந்து சுவர்போல எழுந்து நின்றது. அடியில் பெரிய பள்ளம். உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கிடந்தது.

இதையெல்லாம் இவரிடம் சொன்னேன். "நம்ம மரமும் தனியா நின்னா அடுத்த காத்துக்கு விழும். விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? என் பிள்ள வெளிய வந்து கெடக்கணுமா?"

இவர் எழுந்து எதிர்ச்சரிவைப் பார்த்தபடி நின்றார்.

"வெட்டிருங்க" என்றேன். "வேரு உள்ளயே இருக்கட்டும். தைல மரந்தான, ஆடி மாசம் துளுத்துரும். இன்னும் பத்து வருசத்துல மறுபடியும் இதே ஒசரத்துக்கு வந்துரும். வேற யாரும் தொடக்கூடாது. நீங்களே வெட்டுங்க."

நான்தான் சொன்னேன். இவர் சொல்லவில்லை, வாட்சர் சொல்லவில்லை. நான்.

வைகாசியில் வெட்டினார்கள். அந்த மரத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டார் இவர். முந்தின நாளே கோடரியையும் ரம்பத்தையும் தீட்டினார். துளிர் நன்றாக வர வேண்டும் என்றால் ஒரு சாண் உயரத்தில், பட்டை கிழியாமல், மழைத் தண்ணீர் நிற்காமல் வழிகிற மாதிரிச் சாய்வாக வெட்ட வேண்டும். அப்படித்தான் வெட்டினார். நான் கொட்டகை வாசலிலேயே நின்றேன். உச்சி ஒருமுறை ஆடியது. பிறகு பைய வளைந்து, சட்டென்று வானத்தில் அந்த இடம் காலியாகிவிட்டது. வயிற்றில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சரிவு முழுக்க வெறும் அடிமரங்கள். எது எது என்று தெரியவில்லை. அப்போது இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உயரே வீசிக் காட்டினார். சரிவில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைக்கு நேர் மேலே. அந்த இடத்தை மனதில் பிடித்துக்கொண்டேன்.

ஆடிச் சாரலுக்குச் சரிவு நீலம் பூக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிமரத்தைச் சுற்றியும் வட்ட இலைகள். "நம்மளது?" என்று தினமும் நச்சரித்தேன். "வரும், வரும். அது பெரிய சாதி, கொஞ்சம் மெதுவாத்தான் வரும்" என்றார். ஆவணி பாதியில் ஒரு நாள் தழைக்கட்டோடு வந்து, "துளுத்திருச்சு புள்ள" என்றார். என்னைப் பார்க்காமல் கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். நான் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். பாறைக்கு மேலே நீலமாக ஒரு புள்ளி தெரிந்தது. அன்றைக்குப் பாயசம் வைத்தேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றார். "எப்பவும் இப்பிடித்தான், நல்லது நடந்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறது" என்று சிடுசிடுத்தேன்.

புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. சுற்றி இருந்தவை வளர வளர அதுவும் வளர்ந்தது. தழை ஒடிக்கப் போகிறவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்தச் சரிவுப் பக்கம் போய்விட்டுத்தான் வருவார். எவ்வளவு உயரம் என்று கேட்டால் கையை இடுப்பில் வைத்துக் காட்டுவார். தை மாதம் நெஞ்சில் வைத்துக் காட்டினார். பிள்ளை வளர்வதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வேன். எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

மாசியில் ஒரு மரக்கட்டை உருண்டு இவர் காலில் ஏறிவிட்டது. எலும்பு முறியவில்லை, ஆனால் முழங்காலுக்குக் கீழே வீங்கிக் கறுத்துவிட்டது. பாய் வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுக் கொண்டுவந்து விட்டார். மூன்று வாரம் காலை ஊன்றக்கூடாது. இவர் இரண்டாம் நாளே கம்பைத் தேடினார்.

"ஒரு நடை போயிட்டு வெரசா வந்துர்றேன்."

"எங்க?"

"சும்மா, சரிவுக்கு."

"காலு போனா நான் ஒங்கள முதுகுல கட்டித் தூக்கணுமா? பேசாம ஒக்காருங்க."

உட்கார்ந்தார். ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் காலை நீட்டிக்கொண்டு நாள் முழுக்க எதிர்ச்சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாள் ஆகியிருக்கும். காலையில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தபோதும் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் பார்த்தேன். சரிவெல்லாம் நீலம். பாறைக்கு மேலே, அந்த ஒரே இடத்தில் மட்டும் காய்ந்த பழுப்பு.

"ஐயோ, நம்ம துளிரு கருகுதே!" என்று கத்தினேன். உறைபனியா, பூச்சியா, எது என்று தெரியவில்லை. கஞ்சிச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். "போகாத புள்ள, போகாத!" என்று இவர் பின்னால் கூப்பிட்டார். பொம்பளை போகக்கூடாது என்கிறார் என்றே நினைத்தேன். ஓடையில் இறங்கிச் சரிவில் ஏறினேன். துளிர்கள் என் தோள் உயரத்துக்கு அடர்த்தியாக நின்றன. பாறையைக் குறி வைத்து, இலைகளை விலக்கிக்கொண்டு போனேன். அப்படித்தான் பத்து வருஷத்துக்கு மேல் கழித்து என் பிள்ளை இருக்கிற இடத்துக்கு முதன்முதலாகப் போனேன்.

அடிமரம் இருந்தது. ஒரு சாண் உயரம், சாய்வான வெட்டு, பட்டையில் ஒரு கிழிசல் இல்லை. அதில் ஒரு துளிர்கூட இல்லை. பட்டை காய்ந்து கழன்றிருந்தது. அதைச் சுற்றி மண்ணில் வட்டமாகக் கொம்புகள் குத்தி நின்றன. பக்கத்து மரங்களின் துளிரை ஒடித்துக் கொண்டுவந்து குத்தியவை. எங்கள் கன்றின் இலை பச்சை, நீலம் இல்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. இலையெல்லாம் காய்ந்து சுருண்டிருந்தன. அவற்றின் அடியில் முன்பு குத்திக் காய்ந்துபோன பழைய கொம்புகள், விரல் நீளத்தில், முழ நீளத்தில், கை நீளத்தில். ஆவணியிலிருந்து சுற்றி இருந்தவை வளர வளர, அதற்குத் தக்க நீளமாக ஒடித்து ஒடித்துக் குத்தியிருக்கிறார்.

எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. செருமல் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வாட்சர் கீழ் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தச் சாதி வெட்டுனா துளுக்காதும்மா" என்றார். "எனக்கும் தெரியாது. எல்லாத் தைல மரத்தையும் போலத்தான்னு நெனச்சேன். ஆடியில துளுக்கலையேன்னு ரேஞ்சர்ட்டக் கேட்டேன். இது வெதையில இருந்துதான் வருமாம். வெட்டுனா அம்புட்டுத்தானாம். ஒங்க வீட்டுக்காரர்ட்ட அப்பவே சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

வாட்சர் தலையைக் குனிந்துகொண்டார். "அவளுக்குத் தெரிய வேண்டாம்னாரு. வெட்டச் சொன்னது அவதான், தெரிஞ்சா அவ தாங்க மாட்டான்னாரு."

எனக்கு அப்படியே மண்ணோடு போய்விடலாமா என்றிருந்தது. உப்பு ஒரு கல் கூடினாலும் ஊரைக் கூட்டுகிறவள் நான். அந்த மனுஷன் ஆவணியிலிருந்து இதைத் தன் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, நான் வைத்த பாயசத்தையும் ஒரு வாய் குடித்துவிட்டு, என் ஏச்சையும் கேட்டுக்கொண்டு, வாரம் தவறாமல் வந்து ஏமாற்றுக் கொம்பு நட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

காய்ந்த கொம்புகளைப் பிடுங்கினேன். பக்கத்து அடிமரங்களில் என் உயரத்துக்கு நல்ல துளிராகப் பார்த்து ஒடித்தேன். அழுதுகொண்டேதான் ஒடித்தேன். வட்டமாகக் குத்தி, காலால் மண்ணை மிதித்து இறுக்கினேன். வாட்சரும் இரண்டு கொம்பு ஒடித்துக் கொடுத்தார். நிமிர்ந்து பார்த்தபோது, கீழே கொட்டகை வாசலில் இவர் கம்பை ஊன்றி எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

இறங்கி வந்தேன். ஓடையில் கையைக் கழுவினேன். வாசலில் இவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கட்டுப் போட்ட காலையும் ஊன்றியிருந்தார். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். நான் கத்துவேன் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தை அப்படி வைத்துக்கொண்டிருந்தார்.

"துளுத்திருக்கா புள்ள?" என்று கேட்டார். நான் ஒடித்ததையும் குத்தியதையும் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்தான் கேட்டார்.

"துளுத்திருக்கு" என்றேன். "என் ஒசரத்துக்கு வந்திருச்சு."

அவர் என் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அடுப்பில் அண்டாவுக்கு அடியில் தீ அணைந்து கிடந்தது. அன்றைக்கு அதை மறுபடியும் மூட்ட எங்கள் இரண்டு பேருக்கும் தெம்பு இல்லை.